பிள்ளையின் பல்லில் அடிபட்டால்: முதல் அரை மணி நேரமும் அடுத்த இரண்டு வாரமும்

பிள்ளைகளின் வாயில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டு பருவங்களில்தான். ஒன்று, நடக்கப் பழகும் ஒரு வயது முதல் மூன்று வயது வரை. கட்டில் விளிம்பு, கதவு நிலை, ஈரமான குளியலறைத் தரை என எதிலாவது மோதி முகம் குப்புற விழுவார்கள். மற்றொன்று, ஆறேழு வயதுக்குப் பிறகு. சைக்கிள், கிரிக்கெட், பள்ளிக்கூடத்திலும் மதரஸாவிலும் வகுப்பு விட்டவுடன் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஓடுவது என்று விழுவதற்குக் காரணங்கள் பல. இரண்டு பருவத்திலும் அடி வாங்குவது பெரும்பாலும் மேல் வரிசையின் முன்பற்கள்தான்.

அடிபட்டவுடன் வீட்டில் நடப்பது நமக்குத் தெரிந்ததே. ரத்தத்தைப் பார்த்துப் பதறுகிறோம், வாயைக் கழுவி விடுகிறோம். ரத்தம் நின்றதும் "பல்தானே, திரும்ப முளைச்சுடும்" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். விழுந்த பல்லைக் குப்பையில் போட்டுவிடுகிறோம், அல்லது வழக்கப்படி கூரை மேல் எறிந்துவிடுகிறோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த ஆறுதல் சரியானது. எட்டு வயதுப் பிள்ளையின் முன்பல்லாக இருந்தால், அது இனி முளைக்கவே போவதில்லை. தூக்கி எறிந்த அந்தப் பல்லை அரை மணி நேரத்துக்குள் முறையாகக் கவனித்திருந்தால் பிள்ளையின் வாயிலேயே அது மீண்டும் நின்றிருக்கக்கூடும்.

ஆகவே பிள்ளையின் பல் காயத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், அடிபட்டது எந்தப் பல் என்பதுதான். மற்ற எல்லாமே அதைப் பொறுத்தது.

முதலில் பிள்ளையைப் பார்ப்போம், பிறகு பல்லை

பல்லில் அடிபட்டது என்றால் தலையிலும் அடிபட்டிருக்கலாம். பிள்ளை மயங்கியதா, ஒருமுறைக்கு மேல் வாந்தி எடுக்கிறதா, எழுப்பினால் எழாமல் சோர்ந்து கிடக்கிறதா, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தமோ தெளிந்த நீரோ வருகிறதா, வாயைத் திறக்கவோ மூடவோ முடியாமல் தாடை கோணியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பல்லைப் பற்றிய யோசனை பிறகுதான். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆகிய ஆம்புலன்ஸ் எண்களை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அப்படி எதுவும் இல்லையென்றால், பிள்ளையை மடியில் உட்காரவைத்து அமைதிப்படுத்துங்கள். நாம் கத்தினால் பிள்ளை இன்னும் பயப்படும். சுத்தமான தண்ணீரால் வாயை மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியை மடித்து ரத்தம் வரும் இடத்தில் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் உறையாது. உதடும் கன்னமும் வீங்காமல் இருக்க, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வெளிப்புறமாக ஒற்றி எடுக்கலாம். வாயில் காயம்பட்டால் உமிழ்நீரோடு சேர்ந்து ரத்தம் அதிகமாகத் தெரியும். அதைக் கண்டு பதற வேண்டாம். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

அடுத்து, விழுந்த பல்லையும் உடைந்த துண்டையும் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் அதை அவசியம் சொல்ல வேண்டும். பல் ஈறுக்குள்ளேயே புதைந்திருக்கலாம், துண்டு உதட்டுச் சதைக்குள் சிக்கியிருக்கலாம், அல்லது பிள்ளை விழுங்கியிருக்கலாம். அடிபட்ட பிறகு பிள்ளைக்கு விடாத இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால், பல் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்க வாய்ப்புண்டு. அது உயிர் காக்கும் அவசரம்.

பால் பல்லா, நிலையான பல்லா?

பால் பற்கள் மொத்தம் 20. சுமார் ஆறு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். சுமார் ஆறு வயதில் கீழ்வரிசை முன்பற்கள் முதலில் விழுந்து, அவற்றின் இடத்தில் நிலையான பற்கள் முளைக்கும். மேல்வரிசை முன்பற்கள் ஏழு, எட்டு வயதில் மாறும்.

எனவே ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் பெரும்பாலும் பால் பல்தான். ஒன்பது வயதுக்கு மேல் முன்பல் என்றால் அநேகமாக நிலையான பல்தான். இடையில் உள்ள வயதில்தான் குழப்பம் வரும். அப்போது பல்லின் தோற்றத்தைப் பாருங்கள். பால் பல் சிறியது, பால் போல வெளுத்திருக்கும். நிலையான பல் அகலமாகவும் பெரிதாகவும், சற்று மஞ்சள் சாயலோடும் இருக்கும். புதிதாக முளைத்த நிலையான முன்பல்லின் கடிக்கும் விளிம்பில் ரம்பம் போல மூன்று சிறு மேடுகள் தெரியும். எப்படிப் பார்த்தும் விளங்கவில்லை என்றால் பல்லைப் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். எதுவென்று அவர் சொல்லிவிடுவார்.

நிலையான பல் முழுதாக வெளியே வந்துவிட்டால்

இங்கேதான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. பல்லைத் தாடை எலும்போடு பிணைத்து வைத்திருப்பது அதுதான். பல் வெளியே வரும்போது இந்தச் சவ்வு கிழிந்து, அதில் ஒரு பகுதி வேரின் மேல் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். அது உயிரோடு இருக்கும்போதே பல்லைக் குழிக்குள் வைத்துவிட்டால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். காற்றில் காய்ந்தால் அந்த உயிரணுக்கள் இறந்துவிடும். ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்த பல்லில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சியிருக்காது. அதை வைத்தாலும் நாளடைவில் எலும்பு வேரை அரித்துவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரில் விரல் படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலில் மெதுவாக அலசுங்கள். பால் இல்லையென்றால் தண்ணீரில் சில நொடிகள் மட்டும் காட்டலாம். சோப்புப் போடுவது, துணியால் துடைப்பது, பிரஷ்ஷால் தேய்ப்பது, டெட்டால் ஊற்றுவது எதுவும் கூடாது. சுத்தம் செய்கிறோம் என்று நினைத்து நாம் தேய்த்து எடுப்பது அந்த உயிருள்ள சவ்வைத்தான்.

பிறகு, பிள்ளை நினைவோடு இருந்து ஒத்துழைத்தால், அந்த இடத்திலேயே பல்லைக் குழிக்குள் மெதுவாக அழுத்தி வைத்துவிடலாம். பக்கத்துப் பல்லைப் பார்த்து, முன்புறம் முன்னால் வரும்படி வையுங்கள். சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கொடுத்துப் பிள்ளையைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, அப்படியே பல் மருத்துவரிடம் செல்லுங்கள். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கவலை இல்லை, அவர் நேராக்கிவிடுவார். கேட்கப் பயமாக இருந்தாலும், பல்லைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஐந்து நிமிடத்துக்குள் வைத்தால் மிக நல்லது.

எல்லோருக்கும் அந்தத் துணிவு வராது. பிள்ளையும் விடாமல் அழலாம். அப்போது பல்லைக் குளிர்ந்த பாலில் போடுங்கள். பல் முழுவதும் மூழ்க வேண்டும். சூடான பால், சர்க்கரை போட்ட பால், தயிர், மோர் வேண்டாம். பாலின் உப்புச் செறிவும் அமில-காரத்தன்மையும் நம் உடல் திரவத்துக்கு நெருக்கமாக இருப்பதால் உயிரணுக்கள் சில மணி நேரம் தாங்கும். அதற்காகத் தாமதிக்கலாம் என்று பொருளல்ல. பால் இல்லாத இடத்தில் பாக்கெட்டில் சொன்ன அளவுப்படி கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசல் உதவும். அதுவும் இல்லையென்றால் சிறு கிண்ணத்தில் பிள்ளையை எச்சில் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடலாம். சாதாரண தண்ணீரில் நெடுநேரம் ஊறினால் உயிரணுக்கள் வீங்கி வெடித்துவிடும். ஆனாலும் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைப்பதைவிடத் தண்ணீர் மேல். இளநீரைப் பற்றியும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால், பால் கிடைக்கும் இடத்தில் பாலையே தேர்ந்தெடுப்போம்.

பிறவி இதய நோய் போன்ற தீவிரமான நோயோ, நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் சிகிச்சையோ உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் நாமே பல்லை வைக்காமல், பாலில் போட்டு மருத்துவரின் முடிவுக்கு விடுவது பாதுகாப்பு.

பால் பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது

பால் பல்லின் விஷயம் நேர் எதிரானது. அதன் வேருக்கு அருகிலேயே, தாடைக்குள், நிலையான பல்லின் முளை வளர்ந்துகொண்டிருக்கிறது. விழுந்த பால் பல்லை மீண்டும் உள்ளே அழுத்தினால் அந்த முளை சேதமடையலாம். ஆகவே வைக்காதீர்கள். ரத்தத்தை நிறுத்தி, பல்லைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். முழுப் பல்லும் வந்துவிட்டதா, வேர் ஏதும் உடைந்து உள்ளே இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

பால் பல் எப்படியும் விழப்போவதுதானே என்று மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. சிறு வயதில் பால் பல் உள்நோக்கி இடிபட்டால், பின்னால் முளைக்கும் நிலையான பல்லில் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டுகள் வரலாம், பல் கோணலாகவோ தாமதமாகவோ முளைக்கலாம். இரண்டு வயதில் பட்ட அடியின் விளைவு ஏழு வயதில் தெரியும். அதை முன்கூட்டியே அறிந்துவைத்திருப்பது நல்லது.

உடைந்தால், ஆடினால், உள்ளே போனால்

நுனி மட்டும் உடைந்தால் வலி அதிகம் இருக்காது. உடைந்த துண்டை எறியாமல் பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்துச் செல்லுங்கள். பல நேரங்களில் அதே துண்டை மருத்துவர் மீண்டும் ஒட்டிவிடுவார். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ புள்ளி தெரிந்தால், பல்லின் உள்ளே இருக்கும் நரம்புக்கூழ் வெளியே தெரிகிறது என்று பொருள். அன்றே காட்ட வேண்டும்.

பல் ஆடினால் அதை நாவாலோ விரலாலோ ஆட்டிப் பார்க்க விடாதீர்கள். லேசாக ஆடும் பல் பெரும்பாலும் தானாகவே இறுகிவிடும். ஆனால் நிலையான பல் இடம் பெயர்ந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். பால் பல் இடம் பெயர்ந்து, வாயை மூடும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் இடித்தாலும் அப்படியே. ஆடும் பால் பல் கழன்று தொண்டைக்குள் போய்விடும் அளவுக்குத் தளர்ந்திருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

சில நேரம் பல் குட்டையாகிவிட்டது போலவோ, காணாமலே போய்விட்டது போலவோ தெரியும். அடியின் வேகத்தில் அது ஈறுக்குள் புகுந்திருக்கும். அதை நாம் இழுக்க முயலக் கூடாது. உள்ளே போன பால் பற்கள் பெரும்பாலும் சில மாதங்களில் தாமாகவே கீழே இறங்கிவிடும். நிலையான பல் என்றால் சிகிச்சை தேவைப்படலாம். எதுவாக இருந்தாலும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் இரண்டு வாரக் கவனிப்பு

மீண்டும் வைத்த நிலையான பல்லை, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் சுமார் இரண்டு வாரம் இணைத்து வைப்பார்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது போலத்தான் இதுவும். கட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும், காயம் ஆறுவது வீட்டில் நாம் கவனிக்கும் விதத்தைப் பொறுத்தே இருக்கிறது.

உணவு: ஒன்றிரண்டு வாரம் மென்மையான உணவு கொடுங்கள். கஞ்சி, குழைந்த சாதம், இட்லி, தேங்காய்ப் பாலில் ஊறவைத்த இடியாப்பம், அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். அதிகச் சூடும் காரமும் வேண்டாம். முறுக்கு, கரும்பு, முழுக் கொய்யா, எலும்போடு கறி, இழுத்துக் கடிக்க வேண்டிய பரோட்டா போன்றவற்றைத் தள்ளிவையுங்கள். எதையும் சிறு துண்டாக்கிக் கொடுத்தால் முன்பல்லால் கடிக்காமல் பக்கப் பற்களால் மென்றுகொள்வார்கள். கைக்குழந்தையின் சூப்பானையும் விரல் சூப்பும் பழக்கத்தையும் இந்த நாட்களில் முடிந்தவரை குறையுங்கள்.

சுத்தம்: வலிக்கும் என்று பல் துலக்காமல் விடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அடிபட்ட ஈறில் அழுக்குச் சேர்ந்தால் கிருமித்தொற்று வரும், காயம் ஆறாது. ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் மிக மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் துலக்கிவிடுங்கள். முதல் ஓரிரு நாள் பிரஷ் படவே முடியவில்லை என்றால் ஈரத் துணியாலோ பஞ்சாலோ துடைக்கலாம். மருத்துவர் சொன்னால், ஆல்கஹால் கலக்காத குளோர்ஹெக்சிடின் திரவத்தைப் பஞ்சில் தொட்டுக் காலையும் இரவும் அந்த இடத்தில் தடவலாம். கொப்பளித்துத் துப்பத் தெரிந்த பிள்ளைகள் கொப்பளிக்கலாம். அவர் சொன்ன நாட்களுக்கு மேல் பயன்படுத்தினால் பற்களில் கறை படியும். காயம் ஆறும்வரை அந்த இடத்தில் மிஸ்வாக் குச்சி, வேப்பங்குச்சி, பல்பொடி, சாம்பல், உப்பு எதையும் தேய்க்க வேண்டாம்.

வலி: பாராசிட்டமால் போதும். அதன் அளவைப் பிள்ளையின் வயதை வைத்து அல்ல, எடையை வைத்துக் கணக்கிடுவார்கள். கடைகளில் சொட்டு மருந்தும் சிரப்பும் வெவ்வேறு வீரியத்தில் கிடைக்கின்றன. அண்ணனுக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து தம்பிக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள். மருத்துவர் எழுதிய அளவு எந்த வீரியத்துக்கு என்று பாட்டிலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கிராம்பு எண்ணெய் காயம்பட்ட ஈறைப் புண்ணாக்கும், சிறு குழந்தை விழுங்கினால் ஆபத்தும் உண்டு. மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். அது தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மண்ணில் விழுந்து உதடும் ஈறும் கிழிந்திருந்தால், தடுப்பூசி அட்டையை எடுத்துச் சென்று டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஓட்டம், பந்து விளையாட்டு, சைக்கிள் வேண்டாம் என்று பள்ளியிலும் சொல்லிவையுங்கள்.

வலி இல்லை என்றால் எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. பல் காயத்தில் நம்மை ஏமாற்றுவது இதுதான். அடிபட்ட பல்லின் உள்நரம்பு சில வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்து, எந்த வலியும் இல்லாமல் இறந்துபோகலாம். வேர் உள்ளுக்குள் அரிபடுவதும் அப்படித்தான், எக்ஸ்ரேயில் மட்டுமே தெரியும். ஆகவே மருத்துவர் மறுபடி வரச் சொன்ன நாட்களைத் தவறவிடாதீர்கள். குழியில் மீண்டும் வைத்த நிலையான பல்லுக்குப் பல நேரங்களில் இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை தொடங்க வேண்டும். வேர் முழுதாக வளராத இளம் பல்லாக இருந்தால் அது தேவைப்படாமலும் போகலாம். அதன் பிறகும் சில ஆண்டுகளுக்கு அவ்வப்போது காட்டி வருவது அவசியம்.

வீட்டில் வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். பல்லுக்கு மேலே ஈறில் சிறு பரு போல வீங்கிச் சீழ் வைத்திருந்தால், முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், முன்பைவிட அதிகமாக ஆடினால், சூடோ குளிரோ பட்டு வலித்தால் உடனே காட்டுங்கள். பால் பல் சாம்பல் நிறமாக மாறுவது பெற்றோரை அச்சுறுத்தும். நிறம் மாறியதற்காக மட்டும் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. சில பற்கள் மெல்லப் பழைய நிறத்துக்கே திரும்பும். நிறமாற்றத்தோடு சீழோ வலியோ சேர்ந்தால்தான் சிகிச்சை தேவை. நிலையான பல்லின் நிறம் மாறினால் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை

குளியலறைத் தரையில் வழுக்காத விரிப்புப் போடுவது, நடைவண்டியில் சிறு குழந்தையைத் தனியாக விடாமல் இருப்பது, பைக்கின் பெட்ரோல் டாங்க் மேல் பிள்ளையை உட்காரவைக்காமல் இருப்பது, சைக்கிளுக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுப்பது, பல்லால் பாட்டில் மூடி திறக்கும் பழக்கத்தைத் தடுப்பது எல்லாம் நம் கையில் இருக்கிறது. முன்பற்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அடிபடும் வாய்ப்பு அதிகம். அவர்களைப் பல் மருத்துவரிடம் காட்டி யோசனை கேட்பது நல்லது.

இரவிலும் விடுமுறை நாளிலும் நம் ஊரில் எந்தப் பல் மருத்துவர் கிடைப்பார், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறதா என்று இன்றே விசாரித்து, அந்த எண்ணைக் கைப்பேசியில் சேமித்துவையுங்கள். அடிபட்ட பிறகு தேடத் தொடங்கினால் அந்த முதல் அரை மணி நேரம் தேடலிலேயே கழிந்துவிடும்.

பல் விழும்போது அருகில் இருப்பது பெரும்பாலும் நாமல்ல. பள்ளி ஆசிரியர், மதரஸா உஸ்தாத், வேன் ஓட்டுநர், கூட விளையாடும் அண்ணன், வீட்டில் இருக்கும் பாட்டி என்று யாராவது இருப்பார்கள். அவர்களுக்கு மருத்துவமெல்லாம் தெரிய வேண்டியதில்லை. மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: பெரிய பிள்ளையின் பல் விழுந்தால் தேடி எடுக்க வேண்டும், வேரைத் தேய்க்கக் கூடாது, குழியில் வைக்க முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்த மூன்றையும் இன்று ஒருவரிடமாவது சொல்லிவைப்போம்.